விசா வேண்டாம், அனுமதி வேண்டும்

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஹாங்காங் போக விசா எடுக்க வேண்டியதில்லை. பதினான்கு நாள் தங்கலாம். தருமபுரியில் ஒரு டிராவல்ஸ் கடையில் இப்படிச் சொன்னால் அது பொய்யல்ல, பாதி உண்மை. மீதிப் பாதி இது: 2017 ஜனவரி 23 முதல், புறப்படுவதற்கு முன்பே ஹாங்காங் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு ஏற்கப்பட்டதும் வரும் சீட்டை அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தச் சீட்டு இல்லாதவரைப் பெங்களூரிலோ சென்னையிலோ விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

இந்த அத்தியாயம் அந்த மீதிப் பாதியைப் பற்றியது. விசா இல்லாமல் போகலாம் என்று சொல்லப்படும் நாடுகளில் பலவும் இன்று இணையத்தில் ஏதோ ஒன்றை முன்கூட்டியே நிரப்பச் சொல்கின்றன. சில நாடுகளில் அது அனுமதி. சிலவற்றில் வெறும் அறிவிப்பு. நடுவில் விமானம் மாறுகிறவர்களுக்குத் தனிக் கணக்கு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் விமான நிலையம் வரை போய்த் திரும்புகிறார்கள்.

முடிவு எங்கே எடுக்கப்படுகிறது

வந்து இறங்கிய ஆளை நிறுத்தி விசாரிப்பதைவிட ஏறும் முன்பே விசாரித்துவிடுவது நாடுகளுக்கு வசதி. 1996இல் ஆஸ்திரேலியா தொடங்கிய ஏற்பாடு இது. அமெரிக்கா 2009இலும், கனடா 2016இலும், நியூசிலாந்து 2019இலும் தங்கள் நாட்டுக்கு விசா இல்லாமல் வருகிறவர்களுக்கு இதைக் கட்டாயமாக்கின. தென்கொரியா 2021இலும் பிரிட்டன் 2023இலும் சேர்ந்துகொண்டன. இந்தியாவும் விலக்கல்ல. 2014 நவம்பர் 27 அன்று 43 நாட்டவருக்கு, சென்னை, பெங்களூர் உட்பட ஒன்பது விமான நிலையங்களில் நம் அரசு தொடங்கிய இணைய அனுமதிதான் இன்று இ-விசாவாக வளர்ந்து நிற்கிறது.

நம் பயணிக்கு இதனால் என்ன மாற்றம்? உங்களை உள்ளே விடலாமா என்ற முதல் தீர்ப்பு இப்போது ஹாங்காங்கில் எழுதப்படுவதில்லை, பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் எழுதப்படுகிறது. செக்-இன் கவுன்டரில் இருப்பவர் உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது, எங்கே போகிறீர்கள், எங்கே மாறுகிறீர்கள் என்பதைக் கணினியில் பார்க்கிறார். டைமேட்டிக் என்ற தகவல் தொகுப்பு எல்லா நாட்டு விதிகளையும் அவருக்குச் சொல்லும். விதிக்கு மாறாக ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் அந்த விமான நிறுவனமே தன் செலவில் திருப்பி அழைத்துவர வேண்டும். பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் கவுன்டரில் கெஞ்சுவதோ, 'போன மாதம் என் மச்சான் இப்படித்தான் போனான்' என்று வாதாடுவதோ உதவாது.

தருமபுரிக்காரர்களுக்கு இதில் தூரம் ஒரு சிக்கல். ஓசூர், எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று பெங்களூரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நெரிசலில் ஊர்ந்து இரண்டாவது முனையத்தை அடைந்த பிறகு (2023 செப்டம்பர் முதல் வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் அங்கேதான்), ராத்திரி பத்து மணிக்கு அச்சிடும் இடம் தேடி அலைவது நடக்கிற காரியமல்ல. மொரப்பூரிலோ பொம்மிடியிலோ ரயிலேறிச் சென்னை போகிறவர்களுக்கும் இதே நிலைதான். காகித வேலை எல்லாம் வீட்டை விட்டுக் கிளம்புமுன் முடிந்திருக்க வேண்டும்.

ஹாங்காங் பதிவு, படிப்படியாக

மற்ற நாடுகளின் படிவங்கள் பெரும்பாலும் இதன் சாயலில்தான் இருக்கும் என்பதால் ஹாங்காங்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். சீனாவின் குவாங்சோ சந்தைக்குச் சரக்கு பார்க்கப் போகும் சிறு வியாபாரிகள் இந்த வழியைப் பயன்படுத்துவதும் ஒரு காரணம். (ஹாங்காங்குக்குத்தான் விசா இல்லை. எல்லை தாண்டி ஷென்சென்னுக்குள் கால் வைக்கச் சீன விசா தனியாக வேண்டும்.)

பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்; அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், பயண விவரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். அனுப்பியதும் பெரும்பாலும் அப்போதே திரையில் முடிவு வந்துவிடும். ஏற்கப்பட்டால் சீட்டை வெள்ளை ஏ4 தாளில் அச்சிட வேண்டும். செல்போனில் படம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். கையெழுத்துப் போட்ட தாள்தான் கணக்கு. பதிவு பொதுவாக ஆறு மாதம் செல்லும். அந்தக் காலத்துக்குள் எத்தனை முறையும் போய்வரலாம், ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் பதினான்கு நாள். நடுவில் மக்காவ் போய்விட்டு ஹாங்காங் திரும்பினாலும் அதே சீட்டுப் போதும்.

பதிவு உங்கள் பெயருக்கு அல்ல, பாஸ்போர்ட் எண்ணுக்குக் கிடைப்பது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டால் பழைய பதிவு உதவாது. மறுபடி செய்ய வேண்டும். இலங்கை, கென்யா என்று எல்லா நாட்டு அனுமதிகளுக்கும் இது பொருந்தும்.

பதிவு ஏற்கப்படவில்லை என்று வந்தால்? விசா இல்லாமல் போகும் வழி உங்களுக்கு மூடிவிட்டது என்று பொருள். ஹாங்காங் குடிநுழைவுத் துறைக்கு நேரடியாக விசா விண்ணப்பம் அனுப்பலாம். அது வாரக்கணக்கில் இழுக்கும். ஆகவே விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பதிவை முடித்துவிடுங்கள். நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. சலுகை விலையில் டிக்கெட் வந்ததும் அதை எடுத்துவிட்டு, கிளம்புவதற்கு முதல் நாள் 'ஏதோ ஃபார்ம் இருக்காமே' என்று விசாரிக்கிறார்கள். பணம் திரும்பாத டிக்கெட்டாக இருந்தால் மொத்தமும் போயிற்று.

பெயர் என்ற பெரிய வேலி

படிவத்தில் தமிழர்கள் தடுக்கி விழும் இடம் பாஸ்போர்ட் எண்ணோ முகவரியோ அல்ல, பெயர்.

ரேஷன் கார்டில் 'சி. முருகன்' என்று இருப்பவரை வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை அப்படியே அச்சிட மாட்டார்கள். விரித்து எழுத வேண்டும். சிலருக்கு 'கிவன் நேம்' முருகன், 'சர்நேம்' சின்னசாமி. சிலருக்கு 'முருகன் சின்னசாமி' முழுவதும் 'கிவன் நேம்' கட்டத்தில் இருக்கும், 'சர்நேம்' காலி. இன்னும் சிலருக்கு அப்பா பெயரே இல்லாமல் வெறும் முருகன். மூன்றும் செல்லும் பாஸ்போர்ட்தான். ஆனால் உலகத்தின் படிவங்கள் குடும்பப் பெயர் இல்லாத மனிதரை எதிர்பார்த்து எழுதப்பட்டவை அல்ல. கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. உடனே பிரவுசிங் சென்டர் பையன் அப்பா பெயரையோ ஊர்ப் பெயரையோ எடுத்து அங்கே போட்டுவிடுவான். திரை திறந்துவிடும். விமான நிலையத்தில் கதவு மூடும்.

பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தின் அடியில், அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். வரிக்கு 44 இடம். இயந்திரம் படிப்பது அதைத்தான். முதல் வரியில் நாட்டுக் குறிக்குப் பின் முதலில் வருவது குடும்பப் பெயர், இரண்டு அம்புக்குறிகளுக்குப் பின் உங்கள் பெயர். 'சர்நேம்' காலியாக உள்ளவருக்கு அந்த முதல் இடத்தில் அவருடைய பெயரே ஏறி உட்கார்ந்திருக்கும். இரண்டாவது வரியில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, முடிவுத் தேதி ஆகியவை உண்டு. தேதிகள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். படிவத்தை அனுப்பும் முன் இந்த இரண்டு வரிகளோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஆதாரையோ, பான் கார்டையோ பார்த்து நிரப்பவே வேண்டாம்.

'சர்நேம்' இல்லாதவர் என்ன செய்வது என்பதற்கு உலகப் பொதுவிதி இல்லை. ஒரு தளம் காலியாக விடச் சொல்லும்; இன்னொன்று சிறு கோடு போடச் சொல்லும்; வேறொன்று அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்லும். அந்தந்தப் படிவத்தின் உதவிக் குறிப்பில் இது இருக்கும். தேடிப் படிக்க இரண்டு நிமிடம் செலவழியுங்கள். விமான டிக்கெட்டிலும் அதே பிரச்சினை வரும். டிக்கெட்டில் பெயர் எப்படி வர வேண்டும் என்று விமான நிறுவனத்திடமே கேட்டுக்கொள்வது நல்லது.

ஒற்றைப் பெயர்க்காரர்கள் அடுத்த முறை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது 'சர்நேம்' கட்டத்தை நிரப்பிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா, விசிட் விசாக்காரர்களை ஏற்க மறுத்தபோது தென்னிந்தியர்கள் நிறையப் பேர் திகைத்து நின்றார்கள். கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அந்தத் தளர்வை எல்லா நாடும் தரும் என்று நம்பியிருக்க முடியாது.

திருமணமான பெண்களின் கதை வேறு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், டிக்கெட்டில் கணவர் பெயர், படிவத்தில் இரண்டும் என்று மூன்று ஆளாகப் பயணம் செய்ய முடியாது. பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதுவே எங்கும். பாஸ்போர்ட் எண்ணில் ஆங்கில 'ஓ' எழுத்தையும் பூஜ்யத்தையும் மாற்றிப் போடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு.

அனுமதியா, அறிவிப்பா

ஹாங்காங் முறை அனுமதி. சரி என்றோ முடியாது என்றோ பதில் வரும். இலங்கையும் இந்த வகைதான். 2012 ஜனவரியிலிருந்து கொழும்பு போகிறவர்களுக்கு இணைய அனுமதி உண்டு. பொதுவாக 30 நாள், இரண்டு முறை நுழையலாம். கட்டணம், விலக்கு, நடத்தும் நிறுவனம் எல்லாம் அங்கே அடிக்கடி மாறியிருக்கின்றன. 2024 ஏப்ரலில் வேலை வெளிநாட்டுத் தனியாருக்குப் போனது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் அதை நிறுத்தியது. அடுத்த மாதமே பழைய முறை திரும்பியது. ஆகவே இலங்கைக் கட்டணத்தை எந்த அச்சுப் புத்தகத்திலும், இதிலும்தான், தேடாதீர்கள்; கிளம்பும் வாரத்தில் அரசுத் தளத்தில் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகிறவர்களும் இந்த அனுமதி விஷயத்தை டிக்கெட்டுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

கென்யா 2024 ஜனவரியில் விசாவை எடுத்துவிட்டு இணைய அனுமதி என்று மாற்றியது. விசா இல்லை என்ற பெயர்தான், கட்டணமும் ஆவணங்களும் இன்னும் உண்டு. கென்யா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியையும் மறக்கக் கூடாது. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். சான்று இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும்.

தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், மாலத்தீவு ஆகியவற்றில் இருப்பது அறிவிப்பு. யார், எப்போது, எந்த விமானத்தில், எங்கே தங்குவது என்று சொல்கிறீர்கள், ஒப்புகை வருகிறது. ஐந்திலும் கட்டணம் கிடையாது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு 30 நாள் விசா விலக்குத் தந்தது. அதே நாளில் மின்னணு வருகை அட்டையையும் கொண்டுவந்தது. தாய்லாந்தின் அட்டை 2025 மே 1 முதல். சிங்கப்பூருக்கு இந்தியர்கள் விசாவும் எடுக்க வேண்டும், அட்டையும் நிரப்ப வேண்டும். விசா எடுத்தாயிற்றே என்று அட்டையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

அனுமதியை எவ்வளவு சீக்கிரம் வாங்கினாலும் நல்லது. அறிவிப்பை அப்படிச் செய்ய முடியாது. மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் மூன்றிலும் வருகைக்கு மூன்று நாள் முன்புதான் படிவம் ஏற்கும். சிங்கப்பூர் அந்த மூன்றில் வந்திறங்கும் நாளையும் சேர்த்து எண்ணும், அதாவது பத்தாம் தேதி போய்ச் சேருகிறவர் எட்டாம் தேதியிலிருந்து நிரப்பலாம். மாலத்தீவுக்கு 96 மணி நேரம். ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற நல்ல பழக்கம் உள்ளவர்கள் இங்கே ஏமாறுவார்கள். படிவம் ஏற்காது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது மறந்துபோகும். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை இதற்கென்று ஒதுக்குங்கள்.

நள்ளிரவு விமானத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. இரவு பதினொன்றரைக்குப் பெங்களூரில் ஏறினால் கோலாலம்பூரில் இறங்கும்போது மறுநாள் காலை. படிவம் கேட்பது இறங்கும் தேதி. டிக்கெட்டில் முதலில் கண்ணில் படும் புறப்படும் தேதியை எழுதிவிட்டால் ஒரு நாள் தப்பாகிவிடும். தங்குமிட முகவரியில் அஞ்சல் குறியீடு கேட்பார்கள். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் முழு முகவரியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் இறங்குகிறவர்கள்

டிரான்சிட் என்றதும் 'நான் அந்த நாட்டுக்குப் போகவில்லையே, வழியில்தானே' என்று தோன்றும். அதைக் கொண்டு எதுவும் தீர்மானமாவதில்லை. இமிகிரேஷன் கவுன்டரைத் தாண்ட வேண்டியிருக்குமா என்பதுதான் கேள்வி. தாண்டவில்லை என்றால் ஹாங்காங்கில் முன்பதிவு தேவையில்லை; மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் அட்டைகளும் தேவையில்லை. தாண்டினால் அரை மணி நேரமானாலும் நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழைந்தவர். முழு விதியும் உங்கள் மேல் பாயும்.

தாண்ட வேண்டிய நிலை எப்படி வருகிறது? மலிவு டிக்கெட்டால்தான் பெரும்பாலும். பெங்களூரிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு நிறுவனம், அங்கிருந்து பாலிக்கு இன்னொரு நிறுவனம் என்று தனித்தனியாக டிக்கெட் போட்டால் லக்கேஜ் கடைசி ஊர்வரை தானாகப் போகாமல் போகலாம். வெளியே வந்து பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். கோலாலம்பூரில் முதல் முனையத்தில் இறங்கி இரண்டாவது முனையத்தில் ஏற வேண்டியிருந்தால் இமிகிரேஷனைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஆகவே மலேசிய அட்டை அவசியம். பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் மியாங் என்று இரண்டு விமான நிலையங்கள், ஊரின் வெவ்வேறு திசையில். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுகிறவர் தாய்லாந்து அட்டை இல்லாமல் நகர முடியாது. டிக்கெட்டில் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு வருவதிலும் போவதிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தெரிந்துவிடும்.

அமெரிக்காவிலுள்ள மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெற்றோர் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஏழெட்டு மணி நேரம் காத்திருக்க நேரும்போது ஊரைச் சுற்றிப் பார்க்க ஆசைப்படுவார்கள். அதற்கு வழி உண்டு. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான், ஜெர்மனி, நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா வைத்திருக்கும் இந்தியருக்குச் சிங்கப்பூர் 96 மணி நேரம் வரை விசா இல்லாத டிரான்சிட் தருகிறது. உறுதியான அடுத்த விமான டிக்கெட் வேண்டும்; வருகை அட்டை நிரப்ப வேண்டும்; கடைசி முடிவு அங்குள்ள அதிகாரியுடையது.

இமிகிரேஷனைத் தாண்டாவிட்டாலும் விசா கேட்கும் இடங்கள் உண்டு. லண்டன் ஹீத்ரோவில் விமானம் மாறும் இந்தியர் உள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் டிரான்சிட் விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விசா இருந்தால் விலக்கு. அமெரிக்காவில் டிரான்சிட் பகுதி என்ற ஒன்றே இல்லை. அங்கே இறங்கும் ஒவ்வொருவரும் இமிகிரேஷனைத் தாண்டியாக வேண்டும்; மெக்சிகோவுக்குப் போகிற வழி என்றாலும் அமெரிக்க விசா இல்லாமல் முடியாது.

ஃபிஜி நல்ல உதாரணம். 1903 முதல் சென்னையிலிருந்து கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் நாடு அது; இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்விசா கிடையாது. ஆனால் ஆஸ்திரேலியா வழியாகப் போனால் டிரான்சிட் விசா. அது இலவசம்தான், விண்ணப்பித்தே வாங்க வேண்டும். நியூசிலாந்து வழியாகப் போனாலும் டிரான்சிட் விசா வேண்டும். சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ மாறி, உள்ளேயே இருந்துகொண்டால் இரண்டும் வேண்டாம். டிக்கெட் விலையை மட்டும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

வேலைக்கு இந்தக் கதவு இல்லை

இதைச் சற்றுக் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. விசா இல்லாமலோ இணைய அனுமதியிலோ போவது சுற்றிப் பார்க்க, உறவினரைக் காண, சில நாடுகளில் வியாபாரப் பேச்சு நடத்த. சம்பளத்துக்கு வேலை செய்ய அல்ல. 'முதலில் தாய்லாந்துக்கு டூரிஸ்ட்டாக வந்துவிடு, அங்கே வொர்க் பெர்மிட் மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்லும் ஏஜென்ட் உங்களை எங்கே கொண்டுபோகிறார் என்பதற்கு உதாரணம் தூரத்தில் இல்லை. அப்படி அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மர் எல்லையில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்ட இந்தியர் 549 பேரை 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் மீட்டு வந்தார்கள்.

ஈரான் இன்னொரு பாடம். 2024 பிப்ரவரியில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு 15 நாள் விசா விலக்குக் கொடுத்தது. வேலை என்றும், வேறு நாட்டுக்கு அனுப்புகிறோம் என்றும் ஆசை காட்டி இந்தச் சலுகையில் ஆட்களை அழைத்துப்போய்ப் பணம் கேட்டுக் கடத்தினார்கள். 2025 நவம்பர் 22 முதல் சலுகை நிறுத்தப்பட்டது. ஈரான் வழியாக மாறிப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

உங்கள் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்குப் பொதுவாக அது இருக்கும். அப்படிப்பட்டவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக மத்திய அரசின் அனுமதி வேண்டும். வளைகுடா நாடுகளோடு மலேசியாவும் தாய்லாந்தும் அந்தப் பட்டியலில் உண்டு. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் நேரடியாக ஆள் எடுத்து அனுப்புகிறது. பென்னாகரத்திலோ அரூரிலோ தெருமுனையில் இரண்டு லட்சம் கொடுப்பதற்கு முன் அங்கே ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

யாரிடம் பணம் கொடுப்பது

இலவசப் படிவங்களுக்குக் காசு வாங்கும் தளங்கள் ஏராளம். தேடுபொறியில் நாட்டின் பெயரை அடித்தால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். கொடி, முத்திரை எல்லாம் அரசுத் தளம் போலவே இருக்கும். தள முகவரியின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். ஹாங்காங், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றில் 'ஜிஓவி' என்ற எழுத்துகளும் நாட்டின் ஈரெழுத்துக் குறியும் வரும். தாய்லாந்துக்கும் கென்யாவுக்கும் 'ஜிஓ' மட்டும். ஆனால் இது கல்லில் எழுதிய விதியல்ல. சீஷெல்ஸ் நாட்டின் அதிகாரபூர்வத் தளமே 'காம்' என்று முடிகிறது. சந்தேகம் வந்தால் அந்த நாட்டின் குடிநுழைவுத் துறை அல்லது தூதரகத் தளத்துக்குப் போய் அங்கிருந்து இணைப்பைப் பிடியுங்கள்.

சொந்தமாகச் செய்யத் தெரியாதவர் பிரவுசிங் சென்டரில் செய்துகொள்வதில் தவறில்லை. நூறு இருநூறு சேவைக் கட்டணம் நியாயம்தான். ஆனால் மின்னஞ்சல் கட்டத்தில் கடைக்காரர் தன்னுடையதைப் போட விடாதீர்கள். ஒப்புகையும், திருத்தம் கேட்கும் கடிதமும் அதற்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும்போது உங்கள் அனுமதி உள்ளே மாட்டிக்கொள்ளும். உங்கள் பிள்ளைகளின் மின்னஞ்சலாவது கொடுங்கள். வேலை முடிந்ததும் பாஸ்போர்ட் படத்தைக் கடைக் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

ஒரே குடும்பம், வேறு பாஸ்போர்ட்

அண்ணன் மகன் சிங்கப்பூர்க் குடிமகன், அண்ணி இந்திய பாஸ்போர்ட், அம்மாவும் உடன் வருகிறார். மூவரும் லண்டன் போகிறார்கள். அவனுக்கு இணைய அனுமதி போதும்; 10 பவுண்டில் தொடங்கி 2025 ஏப்ரலில் 16 பவுண்டான அந்த அனுமதி இரண்டு ஆண்டு செல்லும். அண்ணிக்கும் அம்மாவுக்கும் அந்தப் படிவமே கிடையாது, முழு விசாதான். அமெரிக்காவின் இணைய அனுமதி (2025 செப்டம்பர் 30 அன்று 40 டாலராக உயர்ந்தது), கனடாவின் 7 டாலர் அனுமதி என்று பேச்சு அடிபடும்போது இந்தியர் சிலர் தாங்களும் கட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். இவை நமக்கானவை அல்ல. பணம் வாங்கிக்கொண்டு அதற்கு விண்ணப்பித்துத் தருவதாகச் சொல்கிறவர் ஏமாற்றுகிறார். வெளிநாட்டில் நிரந்தரவாசி அட்டையோ கிரீன் கார்டோ வைத்திருப்பவரும் இந்திய பாஸ்போர்ட்டில்தான் பயணம் செய்கிறார். சில நாடுகள் அந்த அட்டைக்குச் சலுகை தரும், பல தராது.

எதிர்த்திசையிலும் கணக்கு உண்டு. குலதெய்வக் கோயில் விழாவுக்கு மலேசியாவிலிருந்து வரும் உறவினருக்கு இந்தியாவுக்குள் நுழைய இ-விசா வேண்டும். நாம் அங்கே விசா இல்லாமல் போகிறோம் என்பதால் அவர்களும் அப்படியே வரலாம் என்றில்லை. குறைந்தது நான்கு நாள் முன்பு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டவருக்கான வருகை அட்டையையும் இந்தியா இணையத்துக்கு மாற்றிவிட்டது. இ-விசாவில் வருகிறவர் சென்னை, பெங்களூர், திருச்சி, கோவை போன்று அதற்கென்று அறிவிக்கப்பட்ட இடங்களில்தான் நுழையலாம். சேலம் காமலாபுரம் தருமபுரிக்குப் பக்கம் என்றாலும் அங்கே உள்நாட்டு விமானங்கள் மட்டுமே. நேராக அங்கே வந்து இறங்கிவிடலாம் என்று திட்டம் போட்டிருப்பவர்களிடம் இதை டிக்கெட் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.